சத்தம் போன கணினியும் சாந்தினி சந்தையும்

கொல்கத்தா மெட்ரோவில் சாந்தினி சௌக் நிலையத்தில் இறங்கி மேலே வந்தால், கணேஷ் சந்திர அவென்யூவை ஒட்டிய சந்துகள் முழுக்க மின்னணுச் சாமான்கள்தான். சென்னை ரிச்சி தெருவில் அலைந்தவர்களுக்கு அந்தச் சந்தையை விளக்க வேண்டியதில்லை. கேபிள், ரிமோட், பழைய மதர்போர்டு, ஆம்ப்ளிபயர் என்று எதைக் கேட்டாலும் ஏதோ ஒரு கடையில் இருக்கும். “கம்ப்யூட்டரில் சத்தம் வரவில்லை, ஒரு சவுண்ட் கார்டு கொடுங்கள்” என்றால் அதுவும் கிடைக்கும். கேட்ட பொருளைக் கொடுப்பது கடையின் வேலை. அந்தப் பொருள்தான் வேண்டுமா என்று கண்டறிவது வேறு வேலை. அதற்குத் தெரிந்தவர்களும் அதே சந்துகளில் சால்டரிங் அயர்னும் மல்டிமீட்டருமாக உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களைத் தாண்டிப் போய்ப் புதிதாக வாங்கும் பழக்கம்தான் வளர்ந்துகொண்டிருக்கிறது.

டெஸ்க்டாப்பில் சத்தம் நின்றதுமே சவுண்ட் கார்டு செத்துவிட்டது என்று முடிவு கட்டுவது தவறு. அந்த அட்டையில் சுழல்கிற பாகம் எதுவும் கிடையாது. கோளாறு அதற்கு வெளியே இருக்கும் வாய்ப்பே அதிகம்: ஒரு வயரில், ஒரு அமைப்பில், அட்டையை இயக்கும் டிரைவர் மென்பொருளில். இதைக் கண்டுபிடிக்கப் பணம் வேண்டாம், வரிசையாகப் பார்க்கும் பொறுமை போதும். அந்தப் பொறுமைக்கு மதிப்புக் கொடுக்காததால்தான் நல்ல நிலையில் உள்ள கணினிகள் பழைய இரும்புக்குப் போகின்றன.

இத்தனைக்கும் ஒலியோடு கொல்கத்தாவுக்கு உள்ள உறவு சாதாரணமானதல்ல. 1902 நவம்பரில் கிராமபோன் கம்பெனியின் பிரெட் கைஸ்பெர்க், கௌஹர் ஜானின் பாட்டை இசைத்தட்டுக்காகப் பதிவு செய்தது இங்கேதான். 1927 ஆகஸ்டில் இங்கே வானொலி நிலையம் வந்தது. மகாளய அமாவாசையன்று விடியற்காலை 4 மணிக்கு வீரேந்திர கிருஷ்ண பத்ரவின் குரலில் ஒலிக்கும் ‘மகிஷாசுரமர்த்தினி’ நிகழ்ச்சி 1930-களின் தொடக்கத்திலிருந்து வருகிறது. 1976-இல் வானொலி நிலையம் அதை மாற்றி, நடிகர் உத்தம் குமாரின் குரலில் புதிய நிகழ்ச்சியை ஒலிபரப்பியபோது ஊரே கொதித்தெழுந்தது. நிலையம் பழைய குரலுக்கே திரும்பியது. இன்றும் மகாளயத்துக்கு முன்பு வீட்டு வானொலிப் பெட்டியைத் தூசி தட்டிப் பழுதுபார்க்கக் கொடுக்கும் குடும்பங்கள் இந்த ஊரில் உண்டு. வானொலியைப் பழுதுபார்க்கலாம் என்று தெரிந்த வீட்டுக்கு, கணினியின் ஒலியையும் பழுதுபார்க்கலாம் என்று யாரும் சொல்லித் தரவில்லை.

முதல் சோதனைக்குக் கணினியே வேண்டாம். ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கி, 3.5 மில்லிமீட்டர் துளை உள்ள ஒரு கைபேசியில் செருகிப் பாட்டைப் போட வேண்டும். அங்கேயும் சத்தம் இல்லையென்றால் பழுது ஸ்பீக்கரில். கணினியைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை. ஸ்பீக்கர் பாடினால், கணினியின் பின்புறம் வயர் எந்தத் துளையில் இருந்தது என்று பார்க்க வேண்டும். பச்சை நிறத் துளைதான் ஸ்பீக்கருக்கு. இளஞ்சிவப்பு மைக்குக்கு, நீலம் வெளியிலிருந்து ஒலியை உள்ளே வாங்குவதற்கு. மேசைக்கு அடியில் குனிந்து, வெளிச்சம் இல்லாமல் செருகும்போது துளை மாறிப்போவது சகஜம்.

அடுத்தது, இந்தக் காலத்துக்கே உரிய கோளாறு. புது மானிட்டர் வாங்கி எச்டிஎம்ஐ கேபிளில் இணைக்கிறார்கள். அந்தக் கேபிள் படத்தோடு ஒலியையும் சுமந்து செல்லக்கூடியது. விண்டோஸ் பல நேரம் மானிட்டரையே ஒலிக்கான வாயிலாக எடுத்துக்கொண்டு, பாட்டை அங்கே அனுப்பிவிடும். மானிட்டரில் ஸ்பீக்கர் இல்லாவிட்டால் வீடே மௌனம். திரையின் மூலையில் உள்ள ஸ்பீக்கர் படத்தை அழுத்தி, ஒலி எங்கே போகிறது என்று பார்த்து மாற்றினால் வேலை முடிந்தது. சவுண்ட் கார்டுக்கு இதில் சம்பந்தமே இல்லை.

அதிலும் சரியாகாவிட்டால் டிவைஸ் மேனேஜரைத் திறக்க வேண்டும். அங்கே அட்டையின் பெயருக்குப் பக்கத்தில் மஞ்சள் முக்கோணமோ கீழ்நோக்கிய அம்புக்குறியோ இருந்தால் விண்டோஸ் காரணத்தையும் எண்ணாகச் சொல்லும். 28 என்றால் டிரைவர் இல்லை. 22 என்றால் யாரோ அதை முடக்கி வைத்திருக்கிறார்கள். 10 என்றால் சாதனத்தை இயக்க முயன்று தோற்றிருக்கிறது. ஒரு விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு சத்தம் நின்றிருந்தால், பழைய டிரைவருக்குத் திரும்பும் வசதியும் அங்கேயே இருக்கிறது. அட்டையின் பெயரே பட்டியலில் இல்லையென்றால்தான், கணினி இயங்கத் தொடங்கும்போதே திறக்க வேண்டிய பயாஸ் அமைப்பு வரை போக வேண்டும். மதர்போர்டில் உள்ள ஒலிப் பகுதி அங்கே அணைத்து வைக்கப்பட்டிருக்கலாம்.

கொல்கத்தா போன்ற ஊரில் இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஈரக்காற்றும் தூசியும் சேர்ந்து, தனியாகச் செருகிய அட்டையின் தங்கநிறத் தொடுமுனைகளில் படியும். மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டு உடலின் மின்னூட்டத்தை இறக்கிய பிறகு, அட்டையைக் கழற்றி ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்து மறுபடி அழுத்திச் செருகினால் உயிர் வந்த அட்டைகள் ஏராளம். சென்னைக்காரர்களுக்கும் இது பொருந்தும்.

எல்லாவற்றிலும் தெளிவான சோதனை, லினக்ஸ் இயங்குதளம் உள்ள ஒரு பென்டிரைவ். உபுண்டு போன்ற ஒன்றை அதில் ஏற்றி, ஹார்ட் டிஸ்க்கைத் தொடாமலேயே கணினியை அதிலிருந்து இயக்கலாம். அங்கே பாட்டுக் கேட்டால் அட்டை நலம், கோளாறு விண்டோஸில். கேட்காவிட்டாலும் உடனே கையை விரிக்கக் கூடாது. லினக்ஸில் சில ஒலித்தடங்கள் மௌனமாக வைக்கப்பட்டிருக்கும். ஆல்சாமிக்ஸர் என்ற ஒலிக் கட்டுப்பாட்டு நிரலைத் திறந்து, ‘எம்எம்’ என்று காட்டும் தடத்தில் எம் விசையைத் தட்டினால் திறந்துகொள்ளும். எதையும் வாங்காமல், எதையும் உடைக்காமல் வன்பொருளா மென்பொருளா என்ற வழக்கு அரை மணி நேரத்துக்குள் தீர்ந்துவிடும். பள்ளிக்கூடக் கணினிப் பாடத்தில் இந்த ஒரு சோதனையைச் சொல்லிக்கொடுத்தாலே பெரிய உதவி.

சில கோளாறுகளை இப்படிச் சோதித்தும் பிடிக்க முடியாது, கையேடு வேண்டும். 1997-இல் இன்டெல் வகுத்த ‘ஏசி 97’ முறையில் வந்த மதர்போர்டுகள் பலவற்றில், பின்புறத் துளைக்குப் போகும் ஒலி, பெட்டியின் முன்புற ஹெட்போன் துளை வழியாகச் சுற்றிக்கொண்டு வரும்படி அமைத்திருந்தார்கள். முன்புற வயர் இல்லாத கணினியில், மதர்போர்டின் முன்புற ஒலி இணைப்பில் உள்ள 5, 6 ஆகிய முனைகளையும் 9, 10 ஆகிய முனைகளையும் இரண்டு சிறு ஜம்பர்கள் இணைத்திருக்கும். தூசி தட்டியவர் அந்த ஜம்பர்களைக் கழற்றி வைத்துவிட்டால் பின்புற ஸ்பீக்கர் அடங்கிவிடும். டிரைவர் சரி, அட்டை சரி, ஸ்பீக்கரும் சரி. ஆனாலும் சத்தம் வராது. மதர்போர்டின் கையேட்டைப் புரட்டியவருக்கு இது ஒரு நிமிட வேலை. கையேடு கிடைக்காதவர் மதர்போர்டையே மாற்றுவார். 2004-இல் வந்த ‘எச்டி ஆடியோ’ முறை இந்தச் சுற்றுவழியை ஒழித்தது. ஆனால் பழைய பெட்டியின் ஏசி 97 வயரைப் புதிய மதர்போர்டில் செருகுகிறவர்களுக்கு முன்புறத் துளையில் இன்றும் தகராறு வருகிறது.

ஆக, பழுதுபார்ப்பதற்குக் கைத்திறன் மட்டும் போதாது, தகவலும் வேண்டும். இதைச் சவுண்ட் கார்டின் வரலாறே சொல்கிறது. சிங்கப்பூரில் 1981-இல் சைனாடவுனின் பேர்ல்ஸ் சென்டரில் சிம் வோங் ஹூவும் அவர் நண்பரும் சேர்ந்து ஒரு கணினிப் பழுதுபார்ப்புக் கடை வைத்தார்கள். அந்தக் கடைதான் கிரியேட்டிவ் டெக்னாலஜி நிறுவனமாக வளர்ந்து, 1989-இல் ‘சவுண்ட் பிளாஸ்டர்’ அட்டையை உலகத்துக்குக் கொடுத்தது. அந்தக் காலத்து அட்டையை ஜம்பர் மாற்றித்தான் பொருத்த வேண்டும். சாதனம் கணினியின் கவனத்தைக் கோரப் பயன்படும் ஐஆர்க்யூ எண், அட்டைக்கும் பிரிண்டருக்கும் ஒன்றாக விழுந்தால் தகராறு. கூடவே வந்த கையேட்டில் எந்த ஜம்பர் எந்த எண்ணுக்கு என்று இருந்ததால், ரிச்சி தெருப் பையன்களும் சாந்தினிப் பையன்களும் அதைப் படித்தே தொழில் கற்றார்கள்.

அதே நிறுவனத்தின் கதையில் மறுபக்கமும் உண்டு. 2007-இல் வந்த விண்டோஸ் விஸ்டா, ஒலியைக் கையாளும் அமைப்பை அடியோடு மாற்றியது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த பல அட்டைகள் பாதி வசதிகளை இழந்தன. பிரேசிலைச் சேர்ந்த ஓர் ஆர்வலர் கிரியேட்டிவின் டிரைவர்களைத் திருத்தி, விஸ்டாவில் அந்த வசதிகள் மறுபடி இயங்கும்படி செய்து பகிர்ந்தார். 2008 மார்ச்சில் நிறுவனம் அவரைப் பகிரங்கமாக நிறுத்தச் சொன்னது. பணம் கொடுத்து அட்டை வாங்கியவர்கள் உலகெங்கும் கொந்தளித்தார்கள். நிறுவனம் தணிந்து போக வேண்டியதாயிற்று. அட்டையில் ஒரு பழுதும் இல்லாதபோது அதை முடக்குவது டிரைவர்தான் என்பதும், டிரைவரின் சாவி தயாரிப்பாளர் கையில் இருக்கிறது என்பதும் அப்போதே ஊரறிய நிரூபணமாயின. 2025 அக்டோபர் 14-இல் விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவு முடிந்த பிறகு இது இன்னும் முக்கியமாகிவிட்டது. விண்டோஸ் 11 ஏற்காத கணினிகளை வைத்திருப்பவர்கள் லினக்ஸுக்கு மாறும்போது, ஒலி வருமா என்பது அவர்களின் முதல் கேள்விகளில் ஒன்று.

பாட்டுக் கேட்பதற்குத்தானே என்று இதை ஒதுக்க முடியாது. கொல்கத்தாவின் பெஹாலாவில், 1897-இல் தொடங்கப்பட்ட பார்வையற்றோர் பள்ளி ஒன்று இயங்குகிறது. பார்வையற்றவர்களுக்குக் கணினித் திரை என்பதே ஒலிதான். ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இளைஞரான மைக்கேல் கரன் 2006-இல் எழுதத் தொடங்கிய என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பான், திரையில் உள்ளதை வாசித்துச் சொல்கிறது. ஒலி நின்றால் அவர்களால் ஒலி அமைப்பைத் திறந்து சரிசெய்யக்கூட முடியாது. எந்தப் பொத்தானில் இருக்கிறோம் என்று சொல்ல வேண்டிய குரலே போயிருக்கும். அத்தகைய ஒருவரின் கணினி அருகே சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் யுஎஸ்பி ஒலிச் சாதனம் ஒன்று எப்போதும் இருப்பது நல்லது. பெரும்பாலும் அது தனி டிரைவர் கேட்காது. செருகியதும் பேசத் தொடங்கும். புதிதாக வாங்குவது நியாயமாகும் இடம் இது.

மற்ற இடங்களில் கணக்கு வேறு. உலகம் 2022-இல் 6.2 கோடி டன் மின்னணுக் குப்பையைக் கொட்டியது. முறைப்படி சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது அதில் 22.3 சதவீதம்தான் என்கிறது ஐ.நா. அமைப்புகள் சேர்ந்து வெளியிட்ட அறிக்கை. இந்தியாவில் மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ளன. ஆனால் அவை பொருள் குப்பையான பிறகு என்ன செய்வது என்பதைப் பற்றியே அதிகம் பேசுகின்றன. குப்பையாகாமல் தடுப்பதற்கு மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமைக்கான குழுவை அமைத்தது. அதே ஆண்டு டிசம்பர் 24-இல் அதற்கான இணைய முகப்பைத் தொடங்கியது. பொருள்களுக்குப் ‘பழுதுபார்ப்புக் குறியீடு’ தருவது பற்றிய குழு 2025 மே மாதம் அறிக்கை கொடுத்தபோது கைபேசியையும் டேப்லெட்டையும் முன்னிறுத்தியது. டெஸ்க்டாப்பும் அதன் உறுப்புகளும் வரிசையில் பின்தங்கக் கூடாது. பிரித்துக் கழற்றி மாற்றுவதற்கென்றே பிறந்த கணினி அதுதான். இந்த உரிமையை முதலில் பெற வேண்டியதும் அதுவே.

பழுதுபார்ப்பவரின் கூலி பற்றியும் பேசியாக வேண்டும். டிரைவரையும் வயரையும் பார்த்துவிட்டு, “ஒன்றுமில்லை, அமைப்பு மாறியிருந்தது” என்று நேர்மையாகச் சொல்லும் மெக்கானிக்கிடம், எதையும் மாற்றவில்லையே, எதற்குக் காசு என்று கேட்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். மருத்துவர் மருந்தே வேண்டாம் என்று சொன்னாலும் கட்டணம் கொடுக்கிறோம். கோளாறைக் கண்டறிந்ததற்குக் கூலி இல்லையென்றால், அடுத்த முறை அந்த மெக்கானிக்கும் ஒரு அட்டையை விற்றுத்தான் தன் நேரத்துக்கு விலை பெறுவார். தேவையற்ற சாமான் விற்பனையில் வாடிக்கையாளருக்கும் பங்கு இருக்கிறது.

நுகர்வோர் துறை செய்ய வேண்டியது கடினமானதல்ல. இந்தியாவில் விற்கும் ஒவ்வொரு மதர்போர்டுக்கும் ஒலி அட்டைக்கும் கையேடு, முனை விளக்கப்படம், டிரைவர் ஆகியவற்றை, விற்பனை நின்ற பிறகும் குறைந்தது பத்தாண்டுகள் இலவசமாகப் பொதுவில் வைத்திருக்கத் தயாரிப்பாளரைக் கட்டாயப்படுத்த வேண்டும். பழுதுபார்ப்புக் குறியீட்டில் டெஸ்க்டாப் உறுப்புகளைச் சேர்க்க வேண்டும். வாசகர்கள் தங்கள் பங்குக்கு, சத்தம் நின்றால் கைபேசியில் ஸ்பீக்கரைச் சோதித்து, ஒலி வாயிலைப் பார்த்து, லினக்ஸ் பென்டிரைவில் இயக்கிப் பார்த்த பிறகே கடைக்குப் போக வேண்டும். அங்கேயும் சவுண்ட் கார்டு கேட்காமல் கோளாறு என்ன என்று கேளுங்கள். சொன்னவருக்கு அதற்குரிய கூலியைக் கொடுங்கள்.