மருந்துக்கு மசியாத மலேரியா

தாம்பரம், பல்லாவரம், வேளச்சேரி, மேடவாக்கம்... சென்னைக்குத் தெற்கே எங்கு பார்த்தாலும் புதிய கட்டிடங்கள் எழும்புகின்றன. கான்கிரீட் தளம் இறுகத் தேக்கும் தண்ணீர், மாடியில் மூடாத தொட்டி, பயன்படாத கிணறு ஆகியவை மலேரியாக் கொசுவுக்குப் பிறந்த வீடு. நகரத்தில் மலேரியாவைப் பரப்பும் கொசு சாக்கடையை நாடுவதில்லை. நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும்.

சென்னை வட்டாரத்தில் மலேரியா இப்போது வெகுவாகக் குறைந்துவிட்டது. 2030-ம் ஆண்டுக்குள் நாட்டை விட்டே ஒழிக்க வேண்டும் என்பது இந்திய அரசின் திட்டம். இனிக் கவலை இல்லை என்று இருந்துவிடலாமா? கூடாது. முன்பு ஒருமுறை நாடு அப்படி ஏமாந்திருக்கிறது.

ஏமாந்த கதை

1947-ம் ஆண்டில் இந்தியாவில் சுமார் 7½ கோடி பேருக்கு மலேரியா கண்டது. 8 லட்சம் பேர் மாண்டார்கள். பிறகு டி.டி.டி. தெளித்துக் கொசுவை அழித்தார்கள். 1965-ல் நோயாளிகளின் தொகை சுமார் 1 லட்சமாக இறங்கியது. ஆனால் 1976-ல் 64 லட்சமாக ஏறிவிட்டது! கொசு டி.டி.டி.க்கு மசியாமல் போனது ஒரு காரணம். இடையில், 1973-ல், குளோரோகுயின் மாத்திரைக்கு மசியாத மலேரியாக் கிருமியும் அசாமில் தென்பட்டது.

கிருமிக்கு இந்த வலிமை எங்கிருந்து வந்தது?

நெருப்பும் கேடயமும்

மலேரியாக் கிருமி ஒரே செல்லால் ஆன சிற்றுயிர். ரத்தத்தின் சிவப்பு அணுவுக்குள் குடியேறி, அங்குள்ள ஹீமோகுளோபினைத் தின்று வளர்கிறது. தின்னும்போது 'ஹீம்' என்ற இரும்புச் சத்துள்ள பொருள் வெளிப்படுகிறது. இரும்பும் பிராண வாயுவும் சேர்ந்தால் கிருமியையே சுட்டெரிக்கும் விஷப் பொருள்கள் உண்டாகும்.

அந்த நெருப்பை அணைக்கக் கிருமி சில என்சைம்களை வைத்திருக்கிறது. என்சைம் என்பது உடலுக்குள் ரசாயன வேலைகளைச் செய்யும் பொருள். சோற்றை மென்றால் இனிப்பதும் எச்சிலில் உள்ள என்சைமால்தான். கிருமிக்கு என்சைமே கேடயம். தன்னிடம் உள்ளது போதாதென்று, மனித ரத்த அணுவில் உள்ள என்சைமையும் அது திருடிக்கொள்கிறது!

ஹீமை ஆபத்தில்லாத கட்டியாக்கிக் கிருமி ஒதுக்கிவைக்கும். குளோரோகுயின் அதைத் தடுத்துக் கிருமியைக் கொல்கிறது. சீனப் பெண் விஞ்ஞானி து யூயூ கண்டுபிடித்த ஆர்ட்டிமிசினின் மருந்து, ஹீமைச் சந்தித்ததும் தீப்பற்றியதுபோல் வேலை செய்கிறது. அவருக்கு 2015-ல் நோபல் பரிசு கிடைத்தது.

கிருமி சும்மா இருக்கவில்லை. சில கிருமிகள் குளோரோகுயினை வெளியே தள்ளிவிடுகின்றன. வேறு சில, இளம் பருவத்தில் ஹீமோகுளோபினைக் குறைவாகத் தின்கின்றன. ஹீம் குறைந்தால் ஆர்ட்டிமிசினினுக்குத் தீப்பொறி ஏது? மிஞ்சிய சூட்டைத் தணிக்க என்சைம்கள் கைகொடுக்கின்றன. 2008-ம் ஆண்டு வாக்கில் கம்போடியாவில் தெரிந்த இந்த வகை, பின்னர் ருவாண்டா, உகாண்டா நாடுகளிலும் தலைகாட்டியது. அதனால்தான் ஆர்ட்டிமிசினினைத் தனியாகக் கொடுக்காமல் இன்னொரு மருந்தோடு சேர்த்துக் கொடுக்கிறார்கள்.

என்சைம் கேடயத்தையே உடைக்கவும் விஞ்ஞானிகள் வழி தேடுகிறார்கள். 1891-ல் ஜெர்மனியில் மலேரியாவுக்குக் கொடுத்துப் பார்த்த 'மெத்திலீன் நீலம்' என்ற சாயம் இப்போது மீண்டும் சோதனைக்கு வந்திருக்கிறது.

பாதி மாத்திரை, முழு ஆபத்து

சென்னைப் பகுதியில் அதிகம் காண்பது 'வைவாக்ஸ்' வகை மலேரியா. இதற்குக் குளோரோகுயின் 3 நாள், பிரிமாகுயின் 14 நாள். காய்ச்சல் விட்டதும் சிலர் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். ஈரலில் ஒளிந்திருக்கும் கிருமி சில மாதம் கழித்து மறுபடியும் கிளம்புகிறது. "மருந்து பலிக்கவில்லை" என்கிறார்கள். முழு மருந்தும் சாப்பிட்டால்தானே பலிக்கும்?

அரைகுறை மருந்தால் இன்னொரு கேடும் உண்டு. பலவீனமான கிருமிகள் சாகும்; வலுவானவை பிழைக்கும். பிழைத்தவற்றைக் கொசு அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோகும்.

பிரிமாகுயினை டாக்டர் சொல்லாமல் சாப்பிடக் கூடாது. கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் அது ஆகாது. சிலருடைய ரத்த அணுக்களில் ஒரு என்சைம் குறைவாக இருக்கும். அவர்களுக்கு இந்த மாத்திரையால் ரத்த அணுக்கள் உடையலாம். சிறுநீர் கறுத்துப் போனால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே டாக்டரிடம் போகவேண்டும்.

வெளி மாநிலத்திலிருந்து கட்டிட வேலைக்கு வந்தவர்கள்மேல் பழி போடுவதில் பயனில்லை. அவர்களுக்குக் காய்ச்சல் கண்டால் ரத்தப் பரிசோதனைக்கு அனுப்புவது மேஸ்திரியின் கடமை. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதனையும் மருந்தும் இலவசம்.

தொட்டிக்கு மூடி, கிணற்றுக்கு வலை, காய்ச்சலுக்கு ரத்தப் பரிசோதனை, கடைசி மாத்திரை வரை மருந்து. இந்த நான்கும் இருந்தால், கிருமி எத்தனை கேடயம் பிடித்தாலும் பலிக்காது.