சின்னத்துக்குச் சிறைத்தண்டனையா?

ஒருவன் இழைத்த குற்றத்துக்காக அவனைத் தண்டிப்பது நீதி. அவன் அணிந்த சட்டைக்காகவும், கூட நின்ற நண்பர்களுக்காகவும் அவனைத் தண்டிப்பதற்கு என்ன பெயர்? இக்கேள்வியை நாம் விளையாட்டாகக் கேட்கவில்லை. அவுஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலம் 2013 ஒக்டோபரில் ஒரே இரவில் நிறைவேற்றிய சட்டங்களைப் படிக்கும் எவரும் கேட்டேயாக வேண்டிய கேள்வி இது. மோட்டார் சைக்கிள் ஓட்டிகளைக் காட்டி அச்சட்டங்கள் கொண்டுவரப்பட்டன. வலையோ அவர்களுக்கு மட்டும் விரிக்கப்படவில்லை.

மோட்டார் சைக்கிள் ஓட்டி என்றதும் மேனாட்டாருடைய மனக்கண் முன் தோன்றுவது யாது? கறுப்புத் தோலாடை, கனத்த சப்பாத்து, கூட்டமாய்ப் பவனி, காதைப் பிளக்கும் ஓசை. இவையெல்லாம் அச்சுறுத்தலின் அடையாளங்கள் என்றே அங்குள்ள பத்திரிகைகள் எழுதிப் பழகிவிட்டன. ஓட்டுபவனைக் கேட்டுப் பாருங்கள். வேறு விடை வரும். காரிற் செல்பவனைச் சுற்றி இரும்புக் கூடு இருக்கிறது. இவனைச் சுற்றி இருப்பது காற்று. தார் வீதியில் விழுந்து இழுபட்டால் கிழிவது மாட்டுத் தோலாயிருக்கட்டும், தன் தோல் தப்பட்டும் என்றே தோலாடை அணிகிறான். கூட்டமாய்ச் செல்லும்போது நேர்வரிசையில் ஓடாமல், ஒருவர் இடமும் அடுத்தவர் வலமுமாக மாறி மாறி ஓடுகிறார்களே, அது ஏன்? முன்னவன் திடீரென நிறுத்தினால் பின்னவன் விலகுவதற்கு இடம் வேண்டும். முன்செல்பவன் காலை நீட்டி நிலத்தைக் காட்டினால் அங்கே குழி இருக்கிறது என்று பொருள். எதிரே வரும் முன்பின் அறியாத ஓட்டிக்குக் கையசைப்பது, ஒரே ஆபத்தில் இருக்கும் இருவர் பரிமாறும் வணக்கம்.

ஆபத்து கற்பனையன்று. தென் கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தின் ஹரி ஹேர்ட் என்பவரும் அவர் குழுவினரும் லொஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை ஆராய்ந்து 1981 இல் அறிக்கை வெளியிட்டனர். வேறொரு வாகனத்துடன் மோதிய விபத்துகளில் மூன்றில் இரண்டு பங்கில், மற்ற வாகனத்தை ஓட்டியவனே வழிவிடாது குறுக்கிட்டவன் என்று அவர்கள் கண்டார்கள். மோட்டார் சைக்கிளைத் தாம் காணவேயில்லை என்பதே அத்தகையோர் வழமையாகச் சொன்ன சமாதானம். தனியே போனால் கண்ணிற் படாதவன், கூடிப் போனால் குற்றக் கும்பலாகக் காணப்படுகிறான். என்னே உலகத்தின் பார்வை!

இப்பார்வை எங்கே பிறந்தது? 1947 யூலையில், சுதந்திர தின விடுமுறையன்று, கலிபோர்ணியாவிலுள்ள ஹொலிஸ்டர் என்னும் சிற்றூரில் ஓட்டிகள் சில ஆயிரம் பேர் கூடினார்கள். சிலர் குடித்தார்கள், வீதியிற் பந்தயம் ஓடினார்கள், கைதானார்கள். ஒழுங்கீனந்தான், மறுப்பாரில்லை. அம்மாதமே 'லைஃப்' சஞ்சிகை ஒரு படத்தை வெளியிட்டது. போத்தல்கள் சிதறிக் கிடக்க, மோட்டார் சைக்கிள்மேல் சாய்ந்திருக்கும் ஒரு குடிகாரன். அக்காட்சி படத்துக்காகவே அமைக்கப்பட்டது என்ற ஐயம் இன்றும் தீரவில்லை. ஆயினும் அந்த ஒரு படம் போதுமாயிற்று. அதன் வழியே கதை வந்தது. 1953 இல் மார்லன் பிராண்டோ நடித்த 'த வைல்ட் வன்' என்ற திரைப்படம் வந்தது. பிரித்தானியத் தணிக்கையாளர் 1967 வரை அதற்கு அனுமதி கொடுக்கவில்லை. தம்மைப் பழிக்க எடுத்த படத்தைப் பார்த்தே எத்தனையோ இளைஞர்கள் உடையணியக் கற்றார்கள் என்பது தனி விந்தை.

இன்னுமொரு விந்தை கேளுங்கள். ஓட்டிகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேர் சட்டத்துக்கு அடங்கியவர்கள் என்று அமெரிக்க மோட்டார் சைக்கிள் ஓட்டிகள் சங்கம் அறிக்கை விட்டதாக ஒரு கதை நெடுங்காலம் உலாவுகிறது. அப்படி ஓர் அறிக்கை தன் ஏடுகளில் இல்லையென்று அச்சங்கமே சொல்கிறது. ஆயினும் எஞ்சிய அந்த ஒரு வீதத்தைச் சில கழகங்கள் தமக்குரிய பட்டமாகச் சூடிக்கொண்டு, சின்னமாகத் தைத்து நெஞ்சில் அணிந்தன.

இங்கிலாந்திலும் இதே கதைதான். 1964 இல் கடற்கரைப் பட்டினங்களிலே 'மொட்ஸ்', 'றொக்கேர்ஸ்' என்ற இரு கூட்டத்தார் மோதினர். முன்னவர் ஸ்கூட்டர் ஓட்டுபவர், பின்னவர் மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர். ஏறிய வண்டியே சாதியாயிற்று! மார்கேற் நீதவான் ஒருவர், தம் முன் நின்ற இளைஞரை 'மரத்தூள் சீசர்கள்' என ஏசினார். மறுநாட் பத்திரிகைகள் அதைக் கொண்டாடின. பத்திரிகைகள் ஊதிப் பெருக்கிய அந்தப் பீதியை ஸ்ரான்லி கோகன் என்ற சமூகவியலாளர் 1972 இல் நூலாக ஆராய்ந்தார். இதே காலத்தில், லண்டன் ஹக்னி விக் பகுதியில் பில் ஷேர்கோல்ட் என்னும் பாதிரியார், அவ்விளைஞர்கள் கூடும் தேநீர்ச்சாலைக்கே சென்று, அவர்களைத் தம் தேவாலயத்துக்கு அழைத்தார். அவர்களும் தோலாடையுடனேயே போனார்கள். நீதவான் கண்டதும் பாதிரியார் கண்டதும் ஒரே இளைஞரைத்தான்.

நாம் முரடர்களுக்கு வக்காலத்து வாங்கவில்லை. 1984 இல் சிட்னி நகரின் மில்பெராவில் இரு கழகத்தார் சுட்டுக்கொண்டபோது மாண்ட எழுவரில், ஒரு பக்கமும் சாராத சிறுமியும் ஒருத்தி. 2013 செப்தெம்பர் 27 இல் குவீன்ஸ்லாந்தின் புரோட்பீச்சில் பொதுமக்கள் நடுவே நடந்த கைகலப்பும் வெட்கக்கேடானது. அடித்தவனைப் பிடியுங்கள். சுட்டவனைத் தூக்கிச் சிறையிற் போடுங்கள். கொலைக்கும் அடிதடிக்கும் போதைப்பொருளுக்கும் அம்மாநிலத்தில் முன்பே சட்டங்கள் இருந்தன. அவை போதாவென்று அரசு என்ன செய்தது?

ஒக்டோபர் 15 இற் கொண்டுவந்த சட்டமூலங்கள் விடியுமுன் நிறைவேறின. குவீன்ஸ்லாந்தில் மேற்சபை இல்லை. 1922 இலேயே அதை ஒழித்துவிட்டார்கள். ஆகவே தடுத்துக் கேட்க ஒரு சபையும் இருக்கவில்லை. 26 கழகங்களை நீதிமன்ற விசாரணையின்றிக் குற்ற அமைப்புகள் எனப் பட்டியலிட்டார்கள். அவற்றின் பங்காளர் மூவர் ஒரு பொது இடத்தில் அறிந்து ஒன்றாக நின்றாலே குற்றம். ஆறு மாதச் சிறை கட்டாயம். பங்காளர் யார்? சின்னம் அணிந்து தன்னை அவ்வாறு காட்டிக்கொள்பவனும் பங்காளனே. அவன் என்ன செய்தான் என்பதை அரசு காட்ட வேண்டியதில்லை. தன் கழகம் குற்ற நோக்கமற்றது என்பதை நிரூபிக்கும் பாரம் அவன் தலைமேல்! குற்றஞ்சாட்டுபவனே நிரூபிக்க வேண்டும் என்ற விதியைச் சட்டக் கல்லூரியின் முதலாண்டு மாணவனும் அறிவான். அந்த அரசின் சட்டமா அதிபர் அறியாரா?

இதனோடு வந்த மற்றொரு சட்டம், பட்டியலிட்ட குற்றமொன்றைச் சங்கத்துக்காகச் செய்தவனுக்கு அக்குற்றத்தின் தண்டனைக்கு மேலாகப் பதினைந்து ஆண்டு, சங்கத்தின் பதவியாளனானால் இருபத்தைந்து ஆண்டு விதித்தது. சங்கம் என்பதற்கு அது கொடுத்த வரைவிலக்கணத்தை வாசகர்கள் கவனிக்க வேண்டும். கம்பனி, கழகம், எப்பெயரால் அழைக்கப்பட்டாலும் மூவர் அல்லது அதற்கு மேற்பட்டோர் கொண்ட எந்தக் கூட்டமும் சங்கமே. இதில் மோட்டார் சைக்கிள் எங்கே? விவசாயிகள் சங்கமும் சட்டத்தரணிகள் சங்கமும் இந்த வரைவிலக்கணத்துக்குள் அடங்குகின்றனவே! முரடனைக் காட்டிச் சட்டத்தை வாங்கி, ஊரையே அதன் வட்டத்துக்குள் நிறுத்துவது ஆட்சியாளரின் பழைய தந்திரம்.

சின்னத்தைக் கழற்றுவதிலே கருத்தாயிருந்த அவ்வரசு, சிறையிலே இவ்வோட்டிகளுக்கு இளஞ்சிவப்பு உடை உடுத்துவோம் என்றும் அறிவித்தது. அவர்கள் தைத்த பட்டம் குற்றம். அரசு தைத்த பட்டம் நீதி போலும்! வார இறுதியில் உல்லாசமாய் ஓட்டப் போன சாதாரண ஓட்டிகளும் வீதியில் மறிக்கப்பட்டு விசாரிக்கப்பட்டார்கள். நாற்பது வயதைக் கடந்தோருக்கென்றே 1983 இல் தொடங்கிய 'யூலிசிஸ்' கழகம் போன்றவற்றில் ஓட்டுபவர் ஆசிரியர், தாதி, இளைப்பாறிய உத்தியோகத்தர். தூரத்திலிருந்து பார்க்கும் பொலிசாருக்குத் தோலாடை எல்லாம் ஒன்றே.

வழக்கு அவுஸ்திரேலிய உயர் நீதிமன்றத்துக்குப் போயிற்று. 2014 நவம்பரில் வந்த தீர்ப்பு, பதினைந்தாண்டுச் சட்டத்தின் கீழ் வழக்காளிமீது குற்றம் சாட்டப்படாதபடியால் அதை எதிர்க்கும் தகுதியே அவருக்கில்லை என்றது. ஏனைய விதிகளைப் பெரும்பான்மை நீதிபதிகள் செல்லுபடியாகும் என்றனர். முதலிற் சிறைக்குப் போ, பிறகு கேள்வி கேள் என்பதல்லவா இதன் பொருள்?

2015 தேர்தலில் அவ்வரசு வீழ்ந்தது. அடுத்த அரசு அப்பதினைந்தாண்டுச் சட்டத்தை 2016 இல் நீக்கியது. அதைப் பாராட்டுகிறோம். ஆனால் அதே கையால் அது செய்த மற்றைய காரியம் என்ன? முன்பு மதுச்சாலைகளில் மட்டும் தடுக்கப்பட்டிருந்த கழகச் சின்னங்களைப் பொது இடங்கள் அனைத்திலும் தடுத்தது. ஆண்டுக் கணக்கைக் குறைத்துத் துணிமீதுள்ள பகையைக் கூட்டியிருக்கிறார்கள்.

அமெரிக்காவில் நடந்ததை இதனருகே வைத்துப் பாருங்கள். 'மொங்கல்ஸ்' என்னும் கழகத்தை ஜூரிமார் குற்றவாளியெனக் கண்டனர். அரசு அதனோடு நில்லாது, கழகச் சின்னத்தின் வணிகக்குறி உரிமையையே பறிமுதல் செய்யக் கேட்டது. ஜூரிமார் அதற்கும் இணங்கினர். 2019 பெப்ரவரியில் நீதிபதி டேவிட் கார்ட்டர் மறுத்தார். கருத்து வெளியிடும் உரிமைக்கும், அளவுமீறிய தண்டனையைத் தடுக்கும் விதிக்கும் அது முரண் என்றார். கழகத்தின் குற்றத்துக்குத் தண்டப்பணம் விதித்தார், சின்னத்தில் கைவைக்கவில்லை. 2023 இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும், வேறு காரணங் கூறியேனும், பறிமுதலுக்கு இடங்கொடுக்கவில்லை.

அந்நாட்டின் வாஷிங்டன் மாநிலமோ 2011 இலேயே ஒரு படி மேலே போயிற்று. மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறான், அதற்குரிய உடை அணிந்திருக்கிறான் என்பதை வைத்து ஒருவனைச் சட்டவிரோதமாக மறிப்பது தவறு எனச் சட்டத்தில் எழுதி, பொலிசாருக்கு அதைக் கற்பிக்குமாறும் பணித்தது. குவீன்ஸ்லாந்துச் சட்டசபை அதுபோன்ற விதியொன்றை இயற்றட்டும். 2016 இன் உடைத்தடையை நீக்கட்டும். அவகாசம் போதாது என்று அது சொல்ல முடியாது. ஒரே இரவிற் சட்டம் இயற்றத் தெரிந்த சபை அது.