முன்னணி வீரனுக்கு அளவுகோல் யாது?

எமது பிறப்பிடமாகிய பத்தமடையில் திருமணத்திற்கெனப் பாய் நெய்வித்தல் நெடுநாளைய வழக்கம். தாமிரபரணிக் கரையில் விளைந்த கோரையை அறுத்து, நீரில் ஊறவைத்து, மெல்லிய இழைகளாக வகிர்ந்து, சாயந்தோய்த்து, பருத்தி நூற்பாவில் ஊடையாகக் கோத்து நெய்வர். மணமக்கள் பெயர்களும் அப்பாயின்கண் நெய்யப்பெறுவதுண்டு. பாயை விரித்துக் காண்போர் அப்பெயர்களைப் படித்து மகிழ்வர்; அவற்றைத் தாங்கிநிற்கும் பாவு நூலை நோக்குவார் மிகச் சிலரே. காற்பந்தாட்டத்திலும் இஃதே நிகழ்கின்றதென்பது யான் கண்ட உண்மை. கோல் போட்டவன் பெயர் மக்கள் நாவில் நிற்கின்றது. அதனை இயலச் செய்தவன் மறைந்தொழிகின்றான்.

சென்ற விடுமுறையில் ஊருக்குச் சென்றிருந்தபோது, அறுவடையான வயலொன்றில் சிறுவர் சிலர் பந்தாடி முடித்து, வரப்பின்மேலமர்ந்து வாதிட்டுக்கொண்டிருந்தனர். நம் நாட்டுக் காற்பந்து வீரருள் தலைசிறந்த முன்னணி வீரர் யாவர் என்பதே வாதம். ஒருவன் சுனில் சேத்ரியின் பெயரைக் கூறி, "95 கோல்!" என்றான். வாதம் அவ்வளவில் முடிந்தது. யான் அருகிற் சென்று, துளசிதாஸ் பலராம் என்பாரைக் கேள்வியுற்றதுண்டோ என வினவினேன். ஒருவரும் அறிந்திலர். அவர் தமிழ்ப் பெற்றோரின் புதல்வர் என்றபோது வியப்புற்றனர். அச்சிறுவரைக் குறைகூற இடமில்லை. கல்லூரியிற் பயிலும் நம்மனோரிற் பலரும் அப்பெயரை அறியாரன்றோ? அதுபற்றியே இக்கட்டுரை எழுதத் துணிந்தேன்.

சேத்ரியின் பெருமையைக் குறைத்துரைத்தல் எமது நோக்கமன்று. 1984-ஆம் ஆண்டு செகந்திராபாத்தில் பிறந்த அவர், 2005-ஆம் ஆண்டில் பாகிஸ்தானுக்கெதிராகத் தாம் ஆடிய முதற் சர்வதேசப் பந்தயத்திலேயே கோல் போட்டார். அதன்பின் ஏறத்தாழ 20 ஆண்டுகள் தளராது உழைத்து அவ்வரிய எண்ணிக்கையை எய்தினார். ஆயின், அதே செகந்திராபாத்தை அடுத்த அம்முகுடா என்னும் சிற்றூரில், 1936-ஆம் ஆண்டு அக்டோபர் 4-ஆம் நாள் எளிய குடும்பமொன்றிற் பிறந்த பலராமின் வாழ்வை எண்ணிக்கையொன்றால் அளந்துவிட இயலாது. அவர் உயரிய களத்தில் நின்ற காலம் ஏழெட்டு ஆண்டுகளே.

அவருடைய திறமையைக் கண்டறிந்து வளர்த்தவர் ஐதராபாத்தைச் சேர்ந்த சையத் அப்துல் ரஹீம் என்னும் பயிற்சியாளர். இவர் பள்ளி ஆசிரியராகவும் பணிபுரிந்தவர். 1956-ஆம் ஆண்டு மெல்போர்ன் ஒலிம்பிக் பந்தயத்திற்குச் சென்ற இந்திய அணியில் பலராம் இடம்பெற்றபோது அவருக்கு வயது இருபது. அவ்வாண்டில் நம் அணி ஆஸ்திரேலியாவை 4-2 என்ற கணக்கில் வென்று நான்காம் இடம் பெற்றது. அப்பந்தயத்தில் மூன்று கோல் போட்ட நெவில் டிசூசாவின் புகழ் இன்றும் பேசப்படுகின்றது. அடுத்த ஆண்டிற் பலராம் கல்கத்தா சென்று ஈஸ்ட் பெங்கால் கழகத்திற் சேர்ந்தார். 1961-ஆம் ஆண்டு அதன் தலைவராக நின்று கல்கத்தா லீக் பட்டத்தை ஈட்டித் தந்தார்.

1960-ஆம் ஆண்டு ரோம் நகர ஒலிம்பிக்கில் இந்தியா ஹங்கேரி, பிரான்சு, பெரு என்னும் வலிய நாடுகளோடு ஒரே பிரிவில் வைக்கப்பட்டது. ஹங்கேரி அணியில் ஆடிய புளோரியன் ஆல்பர்ட், பின்னாளில் 1967-ஆம் ஆண்டின் ஐரோப்பியச் சிறந்த வீரராகத் தேர்வு பெற்றவர். அத்தகைய அணிக்கெதிராக நம்மவர் 1-2 என்றே தோற்றனர். நம் பக்கத்து அந்த ஒரு கோல் பலராம் போட்டதாகும். பிரான்சோடு நிகழ்ந்த பந்தயம் 1-1 எனச் சமனாயிற்று. தோல்வியென்று ஏட்டிற் பதியப்பெற்ற அந்நாட்களே நம் ஆட்டத்தின் தகுதியை உலகிற்குக் காட்டின என்பது மிகையன்று.

1962-ஆம் ஆண்டு ஜகார்த்தாவில் நடைபெற்ற ஆசியப் பந்தயமே அவர் வாழ்வின் சிகரம். பி. கே. பானர்ஜி, சுனி கோஸ்வாமி, பலராம் என்னும் மூவரும் முன்வரிசையில் நின்றனர். முதற்பந்தயத்தில் தென்கொரியாவிடம் 0-2 எனத் தோற்ற நம் அணி, தாய்லாந்தையும் ஜப்பானையும் வென்று தலைநிமிர்ந்தது. அவ்விரு பந்தயங்களிலும் பலராம் கோல் போட்டார். இறுதிப் பந்தயத்திலோ அதே தென்கொரியாவை, ஏறத்தாழ ஓர் இலட்சம் மக்கள் நமக்கெதிராக ஆரவாரிக்க, 2-1 என்று வென்று தங்கப்பதக்கம் பெற்றனர். இவ்வெற்றியில் ஒரு நுட்பம் உளது. அந்த இரு கோல்களுள் ஒன்றைப் போட்டவர் ஜர்னைல் சிங். அவர் பின்வரிசைக் காவலர். முன்னரே தலையிற் காயமுற்றுத் தையலிடப்பெற்றவர். பின்களத்தில் நிற்றல் அரிதாகவே, ரஹீம் அவரை முன்னே நிறுத்தினார். இறுதிப் பந்தயத்திற் பலராமின் பெயர் கோற்பட்டியலில் இல்லை. அதனால் அவர் அன்று ஆடவில்லையெனக் கூறுவார் உண்டோ? முன்வரிசையில் எவ்விடத்தில் நிறுத்தினும் அவ்விடத்திற்கு வேண்டுவதைச் செய்தலே அவரது சிறப்பு.

"கோலின்றி வெற்றி உண்டோ? வெற்றியின்றிப் பந்தயம் எதற்கு?" எனச் சிலர் வினவக்கூடும். நன்று. நெல் களத்திற்கு வந்தபின் மரக்காலால் அளக்கின்றோம். அதனால் உழவும் நடவும் மரக்காலுக்குள் அடங்கிவிடுமோ? எண்ணிக்கை வேண்டா என்பதன்று எம் கூற்று. எண்ணிக்கை ஒன்றையே கொண்டு மனிதனை மதித்தல், அவ்வெண்ணிக்கை நின்ற நாளிலேயே அம்மனிதனை மறத்தற்கு வழியாகும் என்பதே.

அவ்வாறே நிகழ்ந்தது. 1962-ஆம் ஆண்டில் அர்ஜுனா விருது பெற்ற பலராம், மறுவருடமே நுரையீரலைப் பற்றிய நோயால் ஆட்டத்தைத் துறக்க நேர்ந்தது. அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ 27 மட்டுமே. அவருடன் தோளொடு தோள் நின்ற மற்றை இருவருக்கும் பின்னர்ப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பெற்றது. பலராமுக்கு இறுதிவரை அது வந்திலது. வங்காளத்து உத்தர்பாராவில் தனித்து வாழ்ந்த அவர், 2023-ஆம் ஆண்டு பிப்ரவரி 16-ஆம் நாள், தமது 86-ஆம் வயதிற் காலமானார். ஆடிய ஆண்டுகள் சில. ஆடாது வாழ்ந்த ஆண்டுகளோ அறுபது. அவ்வறுபது ஆண்டுகளில் நாம் அவருக்குச் செய்தது யாது?

நிற்க. பிறரைக் குறைகூறுமுன் யான் என்னையே நோக்குதல் வேண்டும். பள்ளி நாட்களில் எம்முடன் ஆடிய தோழனொருவன் இருந்தான். எமது அணி போட்ட கோல்களிற் பெரும்பாலான அவன் காலிலிருந்து வந்த பந்தால் விளைந்தவை. கைதட்டல் மட்டும் எமக்கு வந்தது. அவன் நெடுநாளாக இருமிக்கொண்டிருந்தான். அணியில் இடம் போய்விடும் என்று அஞ்சி அதனை மறைத்து ஆடினான். ஒருநாள் வாராது நின்றான். அவனிடத்தில் வேறொருவன் வந்தான். அவன் ஏன் வரவில்லையென்று கேட்டார் எவருமிலர். யானும் கேட்டிலேன். பலராமின் வாழ்வைப் படிக்குந்தோறும் அத்தோழன் முகமே என் கண்முன் நிற்கின்றது.

ஆகலின், நம் கல்லூரி விளையாட்டுக் குழுவினர்க்கு இரண்டு வேண்டுகோள் விடுக்கின்றேன். ஒன்று: ஆண்டு விழாவில் மிகுதியான கோல் போட்டவர்க்கு வழங்கும் பரிசோடு, பிறர் கோல் போட வழிசெய்தவர்க்கும் ஒரு பரிசு வழங்குக. மற்றொன்று: பருவந்தோறும் ஆட்டக்காரர் அனைவரையும் வைத்தியர் பரிசோதிக்க ஏற்பாடு செய்க, நோயால் விலகியவன் பெயரை அவ்வாண்டின் அணிப் பட்டியலினின்று நீக்காதிருக்க. இவற்றிற்காகும் செலவு சிறிது. ஒரு புதுப் பந்தின் விலையைப் பெரிதும் விஞ்சாது.

அடுத்த விடுமுறையில் யான் பத்தமடைக்குச் செல்லும்போது அவ்வயல் வரப்பில் மீண்டும் வாதம் நிகழும். 95 என்னும் எண் அப்போதும் சொல்லப்படும், சொல்லப்படுக. அதனோடு பலராம் என்னும் பெயரும் அச்சிறுவர் வாயினின்று வருமாயின், இக்கட்டுரை எழுதிய பயனை யான் பெற்றவனாவேன்.