நோபிடாவுக்கு அமெரிக்காவில் வேறு பெயர்

ஜூன் மாதம் பள்ளி திறக்கும் நேரத்தில் வடலூர் நான்குமுனைச் சந்திப்புக் கடைகளில் தொங்கும் புத்தகப் பைகளைப் பார்த்தால், இந்த ஊர்ப் பிள்ளைகளின் நண்பர்கள் யார் என்று தெரிந்துவிடும். நீலப் பூனை டோரேமான், அடர்ந்த புருவம் கொண்ட ஷின்சான், மஞ்சள் பிகாச்சு. மூவருமே ஜப்பான்காரர்கள். டோரேமானின் கூட்டாளிகள் பெயரைக் கேட்டால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூட நோபிடா, ஷிசுகா, ஜியான், சுனியோ என்று தடங்கல் இல்லாமல் ஒப்பிக்கும்.

அமெரிக்கப் பிள்ளையிடம் கேட்டால் இந்தப் பெயர்கள் வராது. 2014 ஜூலையில் டிஸ்னி எக்ஸ்டி சேனலில் டோரேமான் ஆங்கிலம் பேச ஆரம்பித்தபோது நோபிடா 'நோபி' ஆனான். ஷிசுகா 'சூ' ஆனாள். ஜியான் 'பிக் ஜி', சுனியோ 'ஸ்னீச்'. சோறு சாப்பிடும் குச்சிகள் முள்கரண்டிகளாக வரையப்பட்டன. யென் நோட்டு டாலர் ஆனது. அமெரிக்கப் பிள்ளைக்குப் புரியாது என்று நினைத்துச் செய்த வேலை. நெய்வேலி டவுன்ஷிப்பிலும் வடலூரிலும் வளர்ந்த பிள்ளைகளுக்கோ அந்தப் பெயர்களால் ஒரு சங்கடமும் வந்ததில்லை. டோராயாக்கி என்ற பலகாரம் நம் நாட்டு டப்பிங்கில் 'டோரா கேக்' ஆனது உண்டு. அந்த அளவு மாற்றத்தில் ஒன்றும் குடிமுழுகிவிடவில்லை.

ஆங்கில டப்பிங்கின் பழைய கணக்கைப் புரட்டினால் இது சின்ன விஷயம்தான். ஒசாமு தெசுகாவின் 'டெட்சுவான் ஆட்டம்' 1963 ஜனவரி 1 அன்று ஜப்பானியத் தொலைக்காட்சியில் தொடங்கியது. அதே ஆண்டு செப்டம்பரில் 'ஆஸ்ட்ரோ பாய்' என்ற பெயரில் அமெரிக்காவில் ஒளிபரப்பானது. ஃபிரெட் லாட் என்பவர் ஆங்கிலப்படுத்தினார். மொத்தம் 193 பகுதிகள் இருந்தும் அமெரிக்கா எடுத்துக்கொண்டது 104 மட்டுமே.

1985-இல் நடந்தது இன்னும் துணிச்சலான வேலை. தினசரி ஒளிபரப்புக்கு 65 பகுதிகளாவது வேண்டும் என்பது அமெரிக்கச் சேனல்களின் கணக்கு. 'மேக்ராஸ்' தொடரில் இருந்ததோ 36. கார்ல் மேசெக் என்ற தயாரிப்பாளர், அதனோடு சம்பந்தமே இல்லாத வேறு இரண்டு ஜப்பானியத் தொடர்களைச் சேர்த்து, மூன்றையும் ஒரே குடும்பக் கதையாக்கி, 85 பகுதிகள் கொண்ட 'ரோபோடெக்' என்று ஓட்டிவிட்டார். அது பெரிய வெற்றி பெற்றது. அமெரிக்காவில் ஒரு தலைமுறையையே அனிமே என்கிற ஜப்பானிய அனிமேஷன் பக்கம் இழுத்தது. அதே ஆண்டில் ஹயாவோ மியாசாகியின் 'நௌசிக்கா' படத்தில் இருபது நிமிடத்துக்கும் மேல் வெட்டி, 'வாரியர்ஸ் ஆஃப் த விண்ட்' என்று பெயர் மாற்றி வெளியிட்டார்கள். அந்தச் சூடு மறக்காத மியாசாகியின் ஜிப்லி நிறுவனம், பின்னாளில் 'பிரின்சஸ் மோனோநோகே' அமெரிக்காவுக்குப் போனபோது, விநியோகஸ்தர் ஹார்வி வைன்ஸ்டீனிடம் ஒரு சாமுராய் வாளைக் கொடுத்து 'வெட்டக் கூடாது' என்று சொன்ன கதை திரையுலகில் பிரசித்தம். கொடுத்தவர் தயாரிப்பாளர் தொஷியோ சுசுகி. படம் வெட்டுப்படாமல் வெளியானது.

இதற்கும் வடலூருக்கும் என்ன சம்பந்தம்? நிறைய இருக்கிறது. நம் பிள்ளைகள் பார்த்த ஜப்பானியக் கதைகளில் கணிசமானவை அமெரிக்கா வழியாகச் சுற்றிக்கொண்டு வந்தவை. போகிமான் அப்படி வந்தது. கதாநாயகனின் ஜப்பானியப் பெயர் சத்தோஷி. அமெரிக்காவின் ஃபோர்கிட்ஸ் நிறுவனம் அவனை ஆஷ் ஆக்கியது, தமிழிலும் அவன் ஆஷ்தான். அதே நிறுவனம் ஒரு காட்சியில் சோற்று உருண்டையைக் காட்டி 'ஜெல்லி டோனட்' என்று வசனம் எழுதியது. திரையில் வெள்ளை வெளேரென்று சோறு தெரிகிறது, சுற்றிலும் கடற்பாசி ஒட்டியிருக்கிறது, வசனம் மட்டும் டோனட் என்கிறது. 'ஒன் பீஸ்' தொடரில் சமையல்காரன் சாஞ்சியின் வாயில் இருந்த சிகரெட்டைக் குச்சி மிட்டாயாக மாற்றியதும் இவர்களே. சோறு தின்று வளர்ந்த நாட்டுக் கதை, சோறு தின்னும் இன்னொரு நாட்டுக்கு வரும் வழியில் டோனட் ஆக வேண்டிய அவசியம் என்ன?

இந்தியாவுக்கு நேராக வந்தவையும் உண்டு. 1993-இல் தூர்தர்ஷனில் ஞாயிறு காலையில் வந்த 'ஜங்கிள் புக்', நிப்பான் அனிமேஷன் தயாரித்த 52 பகுதித் தொடர். இந்திய வனத்துக் கதையை ஆங்கிலேயர் எழுத, ஜப்பானியர் வரைய, இந்தியில் பேசிய மௌக்லியைத் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் ஒரு வார்த்தை புரியாமலே ரசித்தார்கள். எல்லா மாநிலத்தவரும் குடியிருக்கும் நெய்வேலி டவுன்ஷிப் மாதிரி ஊர்களில் பக்கத்து வீட்டு இந்திக்காரப் பையன் அர்த்தம் சொல்லியிருப்பான். வடலூரில் அதுவும் இல்லை. செட்டாப் பாக்ஸ் ரிமோட்டில் மொழியை மாற்றும் வசதியெல்லாம் பிறகு வந்தது.

யூகோ சாகோவும் ராம் மோகனும் சேர்ந்து இயக்கிய 'ராமாயணா: த லெஜெண்ட் ஆஃப் பிரின்ஸ் ராமா' இதைவிட விசித்திரம். ஜப்பானியக் கைகளும் இந்தியக் கைகளும் வரைந்த இந்தப் படத்தின் மூல வசனமே ஆங்கிலம். 1990களின் தொடக்கத்தில் முடிந்த படம், தமிழ்க் குரலோடு திரையரங்குக்கு வந்தது 2025 ஜனவரி 24 அன்று. ராமர் வனவாசம் போனது பதினான்கு வருடம். தமிழ் பேச அவருக்கு முப்பது வருடத்துக்கு மேல் ஆனது.

உள்ளூர்ச் சாயம் பூசுவதே தவறு என்று யாரும் சொல்லவில்லை. 2007-இல் தொடங்கிய சுட்டி டிவி அதைக் கலையாகவே செய்தது. அங்கே கார்ட்டூன் சிறுமி டோராவின் குரங்கு 'புஜ்ஜி' ஆனது. ஜாக்கி சான் கார்ட்டூன் வசனங்களை இன்றைக்கும் முப்பது வயதுக்காரர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொள்கிறார்கள். இவை இரண்டுமே அமெரிக்கத் தயாரிப்புகள் என்பது வேறு விஷயம். அந்த வசனங்களை எழுதியவர்களுக்குத் தமிழ்ப் பிள்ளை எங்கே சிரிக்கும் என்று தெரிந்திருந்தது. இன்னொரு பக்கம், பூமியில் எந்தத் தமிழனும் பேசாத ஒரு தமிழில், "அட முட்டாளே, உன்னை நான் என்ன செய்கிறேன் பார்" என்று கத்திக்கொண்டே ஓடும் டப்பிங்கும் நிறைய வந்தது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் வசனகர்த்தா.

காலம் இப்போது மாறிவிட்டது. சோனிக்குச் சொந்தமான கிரஞ்சிரோல் என்ற அனிமே ஓடிடி நிறுவனம் 2022-இல் இந்தியாவுக்கான மாதக் கட்டணத்தை 79 ரூபாய்க்கு இறக்கியது. முதலில் இந்தி, பிறகு தமிழ், தெலுங்கு டப்பிங்கைக் கொண்டுவந்தது. 'டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காஸில்' ஜப்பானில் 2025 ஜூலை 18 அன்று வெளியாகி, செப்டம்பர் 12 அன்று அமெரிக்காவிலும் இந்தியாவிலும் ஒரே நாளில் திரைக்கு வந்தது. இங்கே ஜப்பானிய மொழி, ஆங்கிலம், இந்தி, தமிழ், தெலுங்கு என ஐந்து மொழிகளில். இருபது வருடத்துக்கு முன்பு கார்ட்டூன் என்று ஒதுக்கப்பட்ட சரக்குக்குத் திரையரங்கில் விடியற்காலைக் காட்சிகள் போட்டார்கள். தமிழ் டப்பிங் இனி பிள்ளைகளைச் சமாளிக்கும் வேலை இல்லை. அது ஒரு வியாபாரம். எனவே அதன் தரத்தைப் பற்றிக் கறாராகவே கேட்கலாம்.

கேட்க வேண்டிய முதல் கேள்வி: தமிழ் வசனம் எந்த மொழிப் பிரதியிலிருந்து எழுதப்படுகிறது?

ஆங்கிலத்திலிருந்து எழுதினால் தமிழுக்கு இரட்டை நஷ்டம். ஜப்பானிய வாக்கியம் தமிழ் வாக்கியத்தைப் போலவே வினைச்சொல்லில்தான் முடியும். "உன் அப்பாவை நான்தான்..." என்று வில்லன் இழுத்து நிறுத்தி, கொன்றதைக் கடைசியில் சொல்லும் வசதி இரண்டு மொழிக்கும் உண்டு. ஆங்கிலத்தில் வினை முன்னால் வந்துவிடும். எனவே ஆங்கில வசனகர்த்தா வாக்கியத்தைத் தலைகீழாகப் புரட்டுகிறார். தமிழ் வசனகர்த்தா அதை மறுபடி நிமிர்த்துகிறார். இரண்டு புரட்டலில் பாதி உணர்ச்சி சிந்திப்போகிறது. உறவுமுறையும் அப்படியே. ஜப்பானியத் தங்கை அண்ணனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது வழக்கமில்லை, வடலூர்த் தங்கையும் கூப்பிட மாட்டாள். ஆங்கில டப்பிங்கில் பெரும்பாலும் பெயர்தான் இருக்கும். அந்தப் பிரதியைப் பார்த்துத் தமிழ் எழுதினால் கையிலிருந்த 'அண்ணா' காணாமல் போகும். தமிழும் ஜப்பானியமும் உறவு மொழிகள் என்று ஜப்பானிய மொழியறிஞர் சுசுமு ஓனோ பல ஆண்டுகள் வாதாடினார். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. உறவு இருக்கிறதோ இல்லையோ, டப்பிங்குக்கு இந்த ஒற்றுமை போதும்.

தமிழ் மொழிபெயர்ப்புக்கு நேர்வழி புதியதல்ல. கா.ஸ்ரீ.ஸ்ரீ. மராத்தியிலிருந்து காண்டேகரைக் கொண்டுவந்தார், த.நா. குமாரசாமி வங்கத்திலிருந்து எழுதினார். நெய்வேலிக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இங்கே முதல் அனல்மின் நிலையம் சோவியத் உதவியோடு எழுந்த அதே காலகட்டத்தில், மாஸ்கோவில் உட்கார்ந்து பூ. சோமசுந்தரம் போன்றவர்கள் ருஷ்ய மொழியிலிருந்து நேராகத் தமிழாக்கிய புத்தகங்கள் தமிழ்நாடெங்கும் மலிவு விலைக்கு விற்றன. அந்தப் புத்தகங்களில் மொழிபெயர்ப்பாளர் பெயர் அச்சிட்டிருக்கும். ஐம்பது வருடம் கழித்தும் வாசகர்கள் அந்தப் பெயர்களைச் சொல்கிறார்கள். சேனல்களில் ஓடிய கார்ட்டூன்களில் நோபிடாவுக்குத் தமிழ்க் குரல் கொடுத்தவர் யார், வசனம் எழுதியவர் யார் என்று திரையில் பார்த்த பிள்ளைகள் எத்தனை பேர்? பகுதி முடிந்ததும் எழுத்து ஓடுவதற்குள் விளம்பரம் வந்துவிடும்.

2008-இல் மத்திய அரசு ஷின்சானைத் தடை செய்து, அடுத்த ஆண்டு திருத்தங்களோடு அது திரும்பி வந்தபோது, என்ன வெட்டினார்கள், ஏன் வெட்டினார்கள் என்று பேச நாடு முழுக்க ஆள் இருந்தது. எப்படி மொழிபெயர்த்தார்கள் என்று பேச ஆளில்லை. பிள்ளை கெட்டுப்போகும் என்ற பெற்றோரின் கவலையும் நியாயமானதே. ஆனால் பிள்ளை காதில் தினமும் விழும் தமிழ் எப்படிப்பட்டது என்பதும் அதே அளவு கவலைப்பட வேண்டிய சமாச்சாரம்.

எதிர்த் திசையில் போன ஒரு படத்தை நினைத்துப் பார்க்கலாம். ரஜினிகாந்தின் 'முத்து' 1998-இல் டோக்கியோவில் வெளியானபோது ஷிபுயாவின் சினிமா ரைஸ் அரங்கில் 23 வாரம் ஓடியது. ரஜினி தமிழிலேயே பேசினார், கீழே ஜப்பானிய எழுத்து ஓடியது. பாட்டை வெட்டவில்லை, முத்துவுக்கு ஜப்பானியப் பெயர் வைக்கவில்லை. தலைப்பில் மட்டும் 'ஆடும் மகாராஜா' என்று ஒரு ஒட்டு. அந்த மரியாதையை நாமும் திருப்பிக் கொடுக்கலாம்.

ஆள் கிடைக்காது என்ற சாக்கும் செல்லாது. சென்னையில் ஆண்டுக்கு இரண்டு முறை ஜப்பானிய மொழித் திறன் தேர்வு நடக்கிறது. ஏபிகே ஏஓடிஎஸ் தோசோகாய் போன்ற நிறுவனங்கள் பல்லாண்டுகளாக அந்த மொழியைக் கற்றுத்தருகின்றன. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஜப்பானிய நிறுவனங்களில் மொழிபெயர்ப்பாளர்களாக வேலை பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரையும் வட்டார வழக்குத் தெரிந்த ஒரு வசனகர்த்தாவையும் ஒரே மேசையில் உட்கார வைத்தால் போதும், பெரிய செலவில்லை.

அனிமே வாங்கி விற்கும் நிறுவனங்கள் செய்ய வேண்டியவை இரண்டு. தமிழ் வசனம் எந்த மொழியிலிருந்து வந்தது என்பதை வெளிப்படையாகச் சொல்லட்டும். வசனம் எழுதியவர், குரல் கொடுத்தவர் பெயர்களை விளம்பரம் விழுங்காத இடத்தில் தமிழில் போடட்டும். மாதக் கட்டணம் கட்டும் சந்தாதாரரும் டிக்கெட் வாங்கும் ரசிகரும் இதை அந்த நிறுவனங்களிடம் எழுதிக் கேட்க வேண்டும். கேட்கிற வாடிக்கையாளரைப் பார்த்துத்தான் தமிழ் டப்பிங்கே வந்தது.