டயாலிசிஸ் செய்பவருக்கு ஓய்வு மட்டும் போதுமா? செர்காம் வட்டாரக் குடும்பங்கள் யோசிக்க வேண்டிய கேள்வி

செர்காம், மெர்லிமாவ், ஜாசின் வட்டாரத் தமிழ்க் குடும்பங்களுக்கு “வாரம் மூன்று நாள் டயாலிசிஸ்” என்பது இன்று பழகிப்போன பேச்சு. வீட்டில் ஒருவருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது என்று தெரிந்ததும் உறவினர்கள் சொல்லும் முதல் ஆறுதல், “இனிமே நீங்க ஒரு வேலையும் செய்யாதீங்க, பேசாமப் படுத்து ரெஸ்ட் எடுங்க” என்பதுதான். அன்பில் பிறந்த வார்த்தைதான் அது. ஆனால், கடந்த இருபது ஆண்டுகளில் பல நாடுகளில் நடந்த ஆய்வுகள் இந்த ஆறுதலைக் கேள்விக்கு உட்படுத்தியுள்ளன.

இது நம் சமுதாயத்தை நேரடியாகத் தொடும் விஷயம். 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி நாட்டில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் அது 31.4 விழுக்காடு. மலேசியாவில் புதிதாக டயாலிசிஸ் தொடங்குவோரில் பாதிக்கும் மேற்பட்டவர்களின் சிறுநீரகத்தைக் கெடுத்தது நீரிழிவே. நாட்டில் டயாலிசிஸ் செய்வோரின் எண்ணிக்கை 50 ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. இறுதிக்கட்டச் சிறுநீரக நோய்க்காகப் பொதுத்துறை செய்த செலவு 2010இல் 57 கோடியே 20 லட்சம் ரிங்கிட்டாக இருந்தது; 2016இல் அது 112 கோடி ரிங்கிட்டாக உயர்ந்தது.

இவ்வளவு செலவும் இயந்திரத்திற்கும் மருந்துக்கும் போகிறது. அந்த இயந்திரத்தோடு வாழும் மனிதரின் காலுக்கும் கைக்கும் என்ன நடக்கிறது என்பதை யாரும் பெரிதாகக் கவனிப்பதில்லை.

தோட்டத்து உடம்பு, தாமான் வாழ்க்கை

ஒரு காலத்தில் தோட்டத்து மக்களுக்கு உடற்பயிற்சி என்று ஒன்று தனியாகத் தேவைப்படவில்லை. விடியும் முன் எழுந்து மரம் வெட்டி, பால் சுமந்து, பிறகு செம்பனைக் குலை தூக்கிய உடம்பு அது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயத்து வீடுகளை விட்டுக் குடும்பங்கள் தாமான்களுக்கும் அடுக்குமாடி வீடுகளுக்கும் மாறிய பிறகு அந்த உழைப்பு நின்றது. சோறும் சீனி போட்ட தேநீரும் மட்டும் பழைய அளவிலேயே தொடர்ந்தன. நீரிழிவு வந்ததும், அது சிறுநீரகத்தைப் பாதித்ததும் இதன் தொடர்ச்சி.

டயாலிசிஸ் தொடங்கியதும் இருந்த கொஞ்ச நடமாட்டமும் குறைகிறது. ஒரு முறைக்கு நான்கு மணி நேரம், வாரத்திற்கு மூன்று முறை நாற்காலியில் சாய்ந்திருக்க வேண்டும். வீடு திரும்பினால் அசதி. அந்த நாள் முழுவதும் படுக்கை. இரத்தச் சோகை, உடம்பில் தேங்கும் அமிலம், ஓயாத உள் அழற்சி, சுத்திகரிப்பின்போது வெளியேறும் புரதச் சத்து எல்லாம் சேர்ந்து தசையைக் கரைக்கின்றன. தசை கரைந்தால் நடப்பது சிரமமாகிறது. நடப்பது குறைந்தால் தசை இன்னும் கரைகிறது. ஒரு நாள் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், அவர் மறுபடி எழுந்து நடமாடுவது பெரும்பாடாகிவிடுகிறது.

ஆய்வுகள் சொல்வது என்ன?

12 நாடுகளில் 20 ஆயிரத்துக்கும் மேற்பட்ட டயாலிசிஸ் நோயாளிகளைக் கவனித்த ஓர் ஆய்வு 2010இல் வெளிவந்தது. வாரம் ஒரு முறையாவது உடற்பயிற்சி செய்தவர்களுக்கு, செய்யாதவர்களைவிட இறப்பு அபாயம் 27 விழுக்காடு குறைவாக இருந்தது. ஜப்பானில் 2018இல் வெளிவந்த ஆய்வு, டயாலிசிஸ் இல்லாத நாள்களில் 4,000 அடிகளுக்குக் குறைவாக நடந்தவர்களிடம் இறப்பு அதிகமாக இருந்ததைக் காட்டியது.

ஆனால், இந்த எண்களை நிதானமாகப் படிக்க வேண்டும். நடப்பதால் அவர்கள் அதிக நாள் வாழ்ந்தார்களா? அல்லது ஏற்கெனவே கொஞ்சம் தெம்பாக இருந்தவர்களால்தான் நடக்க முடிந்ததா? கவனிப்பு ஆய்வுகளால் மட்டும் இதைப் பிரித்துச் சொல்ல முடியாது. அதற்கு நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு குழுவாகப் பிரித்து ஒப்பிட வேண்டும்.

அப்படியும் செய்து பார்த்திருக்கிறார்கள். இத்தாலியில் 296 நோயாளிகளிடம் நடத்தி 2017இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு குழுவினர் வீட்டிலேயே மெதுவான நடைப்பயிற்சி செய்தார்கள். டயாலிசிஸ் மைய ஊழியர்களே வழிகாட்டினார்கள். ஆறு மாதங்களில், ஆறு நிமிடத்தில் அவர்கள் நடக்கும் தூரம் 328 மீட்டரிலிருந்து 367 மீட்டராக உயர்ந்தது. பயிற்சி இல்லாத குழுவில் கிட்டத்தட்ட மாற்றமே இல்லை.

ஜெர்மனியில் நடந்து 2023இல் வெளிவந்த இன்னும் பெரிய ஆய்வில், டயாலிசிஸ் நடக்கும்போதே நாற்காலியில் இருந்தபடி ஓராண்டு பயிற்சி கொடுத்தார்கள். ஒரு நிமிடத்தில் நாற்காலியிலிருந்து எத்தனை முறை எழுந்து உட்கார முடிகிறது என்பதே அளவுகோல். பயிற்சிக் குழுவில் அந்த எண் 16.2இலிருந்து 19.2ஆக உயர்ந்தது. மற்றவர்களுக்கு அதே 16.2, ஓராண்டில் 14.7ஆகக் குறைந்தது. பயிற்சி செய்தவர்கள் மருத்துவமனையில் கழித்த நாள்களும் குறைவு. ஆனால், அந்த ஓராண்டில் இறப்பு எண்ணிக்கையில் தெளிவான வேறுபாடு தெரியவில்லை. பிரிட்டனில் 2021இல் வெளிவந்த மற்றோர் ஆய்வில், ஆறு மாதச் சைக்கிள் பயிற்சி நோயாளிகளின் வாழ்க்கைத் தரத்தைக் குறிப்பிடும்படி உயர்த்தவில்லை.

ஆக, “நடந்தால் ஆயுள் கூடும்” என்று யாரும் இன்று சத்தியம் செய்ய முடியாது. ஆனால், சும்மா இருந்தால் ஒவ்வோர் ஆண்டும் பலம் குறையும், மிதமாக உடம்பை அசைத்தால் அந்தச் சரிவைத் தடுக்கலாம் என்பதற்குச் சான்று இருக்கிறது. மகனோ மருமகளோ தூக்கிவிடாமல் தானே எழுந்து போய்வர முடிவது ஒரு டயாலிசிஸ் நோயாளிக்குச் சாதாரண விஷயமல்ல.

யார் செய்ய வேண்டும்?

ஜப்பான் 2022ஆம் ஆண்டு முதல் டயாலிசிஸ் நேரத்து உடற்பயிற்சி வழிகாட்டலை மருத்துவக் காப்பீட்டுக் கட்டணத்தில் சேர்த்துள்ளது. மையத்திற்கு அதற்கென்று பணம் கிடைப்பதால் அதைச் செய்ய ஆள் இருக்கிறார். இங்கேயும் அந்தத் திசையில் யோசிக்க இடமுண்டு. சொக்சோ எனப்படும் பெர்கேசோ, தகுதி பெறும் சந்தாதாரர்களுக்கு டயாலிசிஸ் உதவி வழங்குகிறது. அதே பெர்கேசோவின் துன் அப்துல் ரசாக் மறுவாழ்வு மையம் 2014 முதல் மலாக்காவிலேயே இயங்குகிறது. இரத்தத்தைச் சுத்திகரிக்க உதவும் அமைப்பிடமே உடம்பைத் தேற்றும் நிபுணத்துவமும் இருக்கிறது. டயாலிசிஸ் நோயாளிகளுக்கு இரண்டையும் வழக்கமாக இணைக்க முடியுமா என்று மக்கள் பிரதிநிதிகளும் சமுதாய அமைப்புகளும் கேட்கலாம்.

அதுவரை குடும்பங்கள் செய்யக்கூடியதும் உண்டு. முதலில் மருத்துவரைக் கேட்க வேண்டும். இருதயக் கோளாறு உள்ளவர்களுக்கு இது மிக முக்கியம். அனுமதி கிடைத்தால், டயாலிசிஸ் இல்லாத நாளில் காலையிலோ வெயில் தாழ்ந்த மாலையிலோ பத்து நிமிட நடையில் தொடங்கலாம். சுத்திகரிப்பு முடிந்த கையோடு இரத்த அழுத்தம் இறங்கக்கூடும் என்பதால் அந்த நேரம் வேண்டாம். ஊசி ஏற்றும் கையில் பாரம் தூக்கக்கூடாது. இன்சுலின் போடுபவர்கள் சர்க்கரை இறங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், தலைச்சுற்றல் வந்தால் உடனே நிறுத்த வேண்டும். நடந்ததற்காகத் தண்ணீர் அளவைத் தாமாகவே கூட்டிக்கொள்ளக்கூடாது.

டயாலிசிஸ் செய்பவரின் எடையைக் குடும்பத்தார் மனப்பாடமாகச் சொல்வார்கள். எத்தனை கிலோ ஏறியது, எவ்வளவு நீர் எடுத்தார்கள் என்பதெல்லாம் தெரியும். அதோடு இன்னோர் எண்ணையும் தெரிந்து வைத்திருக்கலாம்: பக்கத்தில் ஒருவர் துணைக்கு நிற்க, ஒரு நிமிடத்தில் அவர் நாற்காலியிலிருந்து எத்தனை முறை எழுந்து உட்காருகிறார்? மாதம் ஒரு முறை எண்ணி எழுதி வைத்தால் போதும். அந்த எண் குறையத் தொடங்கினால், அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது அதையும் சொல்ல வேண்டும்.