போர்டு போகலை பாஸ்... டிரைவர்தான் போச்சு!

இந்த வாரம் பென்டிரைவ் வைரஸ் பற்றி எழுதறதா சொல்லியிருந்தேன். ஸாரி... அதுக்குள்ள என் லேப்டாப்பே படுத்துடுச்சு. நான் பட்ட பாட்டையே இந்த வாரம் எழுதிடறேன். யாருக்குத் தெரியும், உங்களுக்கு ஒரு ஒன்பதாயிரம் ரூபாய் மிச்சமாகலாம்!

என் ஊர் எறையூர். பெரம்பலூர் மாவட்டத்துல சர்க்கரை ஆலை இருக்கிற ஊர்னு சொன்னா சட்டுனு தெரியும். அரைவை சீசன்ல ராத்திரி பூரா கரும்பு டிராக்டர்கள் வரிசை கட்டி நிக்கும். அப்படி ஒரு ராத்திரி, பதினொரு மணி. மினி ப்ராஜெக்ட் ரிவ்யூவுக்கு இன்னும் நாலே நாள். 'கிராபிக்ஸ் டிரைவர் அப்டேட் ரெடி'னு ஸ்கிரீன் ஓரத்துல ஒண்ணு எட்டிப் பார்த்துச்சு. யோசிக்காம ஒரு க்ளிக். பாதி ஏறியிருக்கும்... கரன்ட் கட்!

உங்க லேப்டாப்பா இருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது. என்னுடையதுல பேட்டரி செத்து ஒரு வருஷம் ஆச்சு. ஒயரைப் பிடுங்கினா அடுத்த நொடி ஆஃப். 'அப்புறம் மாத்திக்கலாம்'னு தள்ளிப் போட்ட சோம்பேறித்தனத்துக்கு அன்னிக்குத்தான் பில் வந்துச்சு. கரன்ட் வந்ததும் ஆன் பண்ணினேன். கம்பெனி லோகோ பளிச்சுனு வந்தது. வட்டம் சுத்துச்சு. அப்புறம் சோகமூஞ்சியோட நீலத் திரை. மறுபடி ஆன் பண்ணினா, கும்மிருட்டு.

மூணு பேர் சேர்ந்து ரெண்டு மாசமா எழுதின கோடிங் அத்தனையும் உள்ளே. வேற எங்கேயும் காப்பி கிடையாது. ஆமா, நான் இன்ஜினீயரிங்தான் படிக்கிறேன். சிரிக்காதீங்க!

காலையில அப்பாவும் நானும் டவுன்ல ஒரு கடைக்குப் போனோம். கடைக்காரர் ஆன் பண்ணி அரை நிமிஷம் பார்த்தார். "போர்டு போச்சு பாப்பா. ஒன்பதாயிரம் ஆகும். உள்ள இருக்கறது வேணும்னா அதுக்குத் தனியா ஆகும்." அப்பா ஒரு வார்த்தை பேசலை. கரும்பு வெட்டுக் கூலிக்குனு சட்டைப் பையில வெச்சிருந்த பணத்தை எடுத்து எண்ண ஆரம்பிச்சுட்டார். எனக்குத் தொண்டை அடைச்சிடுச்சு. "நாளைக்குக் கொண்டு வர்றோம்ணே"னு சொல்லிட்டு லேப்டாப்பை வாங்கிட்டு வந்துட்டேன்.

தைரியம் எல்லாம் இல்லை. ஒரே ஒரு சந்தேகம்தான். போர்டு போயிருந்தா, லோகோ எப்படி அவ்வளவு பளிச்சுனு வந்தது?

லோகோ சொல்லும் ரகசியம்

கரும்பு இருக்கு, ஆலையும் இருக்கு. ஆனா எந்த வண்டி முன்னாடி போகணும், எங்கே இறக்கணும்னு சொல்ற ஆள் வரலைனா அரைவை நடக்காது. கிராபிக்ஸ் டிரைவர் அந்த ஆள் மாதிரி. விண்டோஸுக்கும் படம் வரையுற சிப்புக்கும் நடுவுல நின்னு வேலை வாங்குற சாஃப்ட்வேர். ஆன் பண்ணினதும் வர்ற லோகோவுக்கு இந்த ஆள் தேவையில்லை. போர்டுலயே பதிச்சு வெச்சிருக்கிற ஒரு சின்ன புரோகிராம் அதைக் காட்டிடும். விண்டோஸ் எழுந்து டிரைவரைக் கூப்பிடும்போதுதான் சிக்கலே.

அதனால லோகோ சுத்தமா வந்து, அதுக்கப்புறம் இருட்டானா, சந்தேகம் முதல்ல டிரைவர் மேலதான் போகணும். லோகோவிலேயே கோடு கோடா, புள்ளி புள்ளியா தெரிஞ்சா ஹார்டுவேர் மேல போகலாம். லேப்டாப்பை டி.வி.யோட எச்.டி.எம்.ஐ. ஒயரால இணைச்சுப் பாருங்க. டி.வி.யில படம் வந்து லேப்டாப்ல மட்டும் இருட்டுனா, ஸ்கிரீனோ அதோட கேபிளோதான் பிரச்னை. அதுக்கும் ஒன்பதாயிரம் ரூபாய் போர்டுக்கும் சம்பந்தமே இல்லை.

நமக்கு மட்டும் இல்லீங்க!

டிரைவர் சொதப்பறது உலக மகா பழைய கதை. விண்டோஸ் விஸ்டா சம்பந்தமா அமெரிக்காவுல நடந்த ஒரு வழக்கில், மைக்ரோசாஃப்ட்டின் உள் மெயில்கள் 2008-ல் வெளியே வந்தன. 2007-ல் பதிவான விஸ்டா க்ராஷ்களில் 28.8 சதவிகிதத்துக்கு என்விடியா டிரைவர்கள்தான் காரணம்னு அதில் இருந்தது. அந்த விஸ்டாவில்தான் ஒரு நல்ல வசதியும் வந்தது. கிராபிக்ஸ் சிப் 2 நொடி பதில் சொல்லலைனா, விண்டோஸே டிரைவரைத் தட்டி எழுப்பும். எழும்பலைனாதான் நீலத் திரை.

2024 ஜூலை 19 ஞாபகம் இருக்கா? க்ரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் ஒரு தப்பான அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையோட நின்னுச்சு. நம்ம நாட்டு ஏர்போர்ட்டிலேயே கையால் எழுதின போர்டிங் பாஸ் கொடுத்தாங்க. அதுவும் விண்டோஸோட அடிமடியில ஓடுற ஒரு டிரைவர் சமாசாரம்தான். யாரும் போர்டை மாத்தலை. சேஃப் மோடுக்குப் போய் ஒரே ஒரு ஃபைலை அழிச்சாங்க, அவ்வளவுதான்!

சரி, என்ன செய்யணும்?

1. முதல்ல விண்டோஸ், கன்ட்ரோல், ஷிப்ட், பி - நாலையும் ஒண்ணா அழுத்துங்க. ஒரு 'பீப்' சத்தம் வந்து திரை ஒரு தடவை சிமிட்டும். தூங்குற டிரைவரை எழுப்புற தட்டு இது. விண்டோஸ் 10, 11 ரெண்டிலும் உண்டு. எனக்கு வேலை செய்யலை. உங்களுக்குச் செய்யலாம்.

2. ஆன் பண்ணி வட்டம் சுத்தும்போது பவர் பட்டனை அழுத்திப் பிடிச்சு அணைங்க. இப்படி ரெண்டு மூணு தடவை செஞ்சா, விண்டோஸே ரிப்பேர் திரைக்குப் போகும். அங்கே ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட். வர்ற லிஸ்ட்ல 4-ஐ அழுத்தினா சேஃப் மோடு.

3. இடையில 48 இலக்க ரெக்கவரி கீ கேட்டா பயப்படாதீங்க. விண்டோஸ் 11 இருக்கிற பல லேப்டாப்புகள்ல டிஸ்க்கை பிட்லாக்கர் தானாவே பூட்டி வெச்சிருக்கும். நீங்க லாகின் பண்ணின மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டை போன்ல திறந்தா கீ அங்கே இருக்கும். இந்த கீ இல்லாம டிஸ்க்குல இருக்கிறதை யாராலும் திறக்க முடியாது. கடையிலகூட!

4. சேஃப் மோடு வந்ததும், வேற எதையும் தொடாதீங்க. முதல்ல பென்டிரைவ்ல ப்ராஜெக்ட்டை காப்பி பண்ணுங்க. காப்பி முடிஞ்ச அந்த நிமிஷம்தான் எனக்குச் சாப்பாடே இறங்குச்சு.

5. இப்போ டிவைஸ் மேனேஜர். டிஸ்ப்ளே அடாப்டர்ஸ் கீழே உங்க கிராபிக்ஸ் பேர் இருக்கும். டிரைவர் பக்கத்துல 'ரோல் பேக்' பட்டன் உயிரோட இருந்தா ஒரு க்ளிக்ல பழைய டிரைவர் திரும்பிடும். எனக்கு அது மங்கலா இருந்தது. அதனால, டிரைவரையும் சேர்த்து நீக்கச் சொல்ற கட்டத்தை டிக் பண்ணி அன்இன்ஸ்டால். அதுக்கும் அடங்காத டிரைவருக்கு டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு. நெட்டை அணைச்சுட்டு, சேஃப் மோடுலயே ஓட்டணும்.

6. ரீஸ்டார்ட் பண்ணினா படம் வரும். ஆனா எழுத்தெல்லாம் யானை சைஸ்ல இருக்கும், பிரைட்னஸ் மாறாது. கவலை வேண்டாம். 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்'ங்கிற தற்காலிக ஆள் வேலை பார்க்கிறார். லேப்டாப்போட அடியில இருக்கிற மாடல் நம்பரைப் பார்த்து, அந்தக் கம்பெனி சைட்டுலேர்ந்தே டிரைவரை இறக்குங்க. கண்ட சைட்டுல 'ஆட்டோ டிரைவர் அப்டேட்டர்'னு இருக்கிறதைத் தொடவே தொடாதீங்க. முதல்ல சிப்செட், அப்புறம் இன்டெல் அல்லது ஏ.எம்.டி. கிராபிக்ஸ், கடைசியா என்விடியா. இதுதான் வரிசை. ரெண்டு கிராபிக்ஸ் இருக்கிற லேப்டாப்புகள்ல பெரும்பாலும் படம் இன்டெல் அல்லது ஏ.எம்.டி. வழியாத்தான் திரைக்கு வரும்.

காப்பாத்தினது அக்கா லேப்டாப்!

என் லேப்டாப் படுத்திருக்க, டிரைவரை எதுல இறக்கறது? பீரோ மேல தூங்கிட்டிருந்த அக்காவோட லேப்டாப்! அவ ப்ளஸ் டூ படிச்சப்ப அரசாங்கம் கொடுத்தது. 2011 செப்டம்பர் 15-ல் ஆரம்பிச்ச திட்டம். அந்த லேப்டாப்ல விண்டோஸோட கூடவே சி-டாக் உருவாக்கின லினக்ஸும் இருந்தது. அதோட பேர் பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ். சுருக்கமா... பாஸ். நிஜமாவே பாஸ்தான் பாஸ்! போன் ஹாட்ஸ்பாட்டைப் போட்டு அதுலதான் டிரைவரை இறக்கினேன்.

லினக்ஸால இன்னொரு லாபமும் இருக்கு. 8 ஜிபி பென்டிரைவ்ல உபுன்டு போட்டு, இன்ஸ்டால் பண்ணாமலே அதிலேர்ந்து லேப்டாப்பை ஆன் பண்ணலாம். அதுல படம் நல்லா ஓடினா, சிப் பெரும்பாலும் நல்லாத்தான் இருக்குனு அர்த்தம். போர்டுக்குக் காசு கொடுக்கறதுக்கு முன்னாடி இந்த ஒரு டெஸ்ட்டை மட்டுமாவது பண்ணிடுங்க.

டிரைவர் ஏத்தும்போது மறுபடி கரன்ட் போனா? அதனால அத்தை வீட்டு இன்வெர்ட்டர் ப்ளக்ல உட்கார்ந்து வேலையை முடிச்சேன். ராத்திரி ஒன்றரை மணிக்கு எழுத்தெல்லாம் பழைய சைஸுக்கு வந்தது. அத்தை போட்டுக் கொடுத்த காபி ஆறியே போயிருந்தது.

கடைக்காரர் எப்பவும் தப்பா?

இல்லை. சில சமயம் நிஜமாவே சிப் போகும். 2008 ஜூலையில், லேப்டாப்புகளுக்குப் போன சில சிப்புகள் பழுதாகுதுனு என்விடியாவே ஒத்துக்கிட்டு, அந்தச் செலவுக்காக 15 கோடியிலேர்ந்து 20 கோடி டாலர் வரை ஒதுக்கப் போறதா அறிவிச்சது. டிரைவரைச் சுத்தமா நீக்கிப் புதுசா போட்ட பிறகும் டிவைஸ் மேனேஜர்ல மஞ்சள் முக்கோணமும் 'கோட் 43'யும் நிக்குதா? லினக்ஸ்லயும் கோடு விழுதா? அப்போ கடைக்குப் போங்க. ஆனா நீங்க என்னென்ன பார்த்தீங்கன்னு சொல்லிட்டுக் கொடுங்க. சூடு காட்டிச் சரி பண்றேன்னு சொன்னா, அது பல சமயம் கொஞ்ச நாளைக்குத்தான்.

இன்னிக்கே செய்யுங்க!

பிட்லாக்கர் கீயையும் மாடல் நம்பரையும் நோட்டோட கடைசிப் பக்கத்துல எழுதி வைங்க. ப்ராஜெக்ட்டை ரெண்டு இடத்துல வைங்க. பேட்டரி பாதிக்கு மேல இல்லாம எந்த டிரைவர் அப்டேட்டையும் தொடாதீங்க. பயாஸ் அப்டேட்னா சார்ஜரும் மாட்டியே இருக்கணும்.

ரிவ்யூ முடிஞ்சுது. மார்க் சுமார்தான், அதுக்கு டிரைவர் காரணமில்லை! அப்பா எண்ணின பணம் யாருக்குப் போகணுமோ அவங்களுக்கே போச்சு. அந்த வார வெட்டுக் கூலியை அப்பா கரெக்டா பட்டுவாடா பண்ணினார். எனக்கு இப்போ புது பேட்டரிக்கு உண்டியல் ஓடிக்கிட்டிருக்கு.

அடுத்த வாரம் கட்டாயம் பென்டிரைவ் வைரஸ். அதுவரைக்கும் கரன்ட் இருக்கட்டும். டாட்டா!