மஞ்சள் பெட்டிக்கு யார் கை தட்டுவது?

தேய்மானம், தணிக்கை, ஐந்தொகை என்று மண்டையில் ஏற்றிக்கொண்டிருக்கும் வணிகவியல் மாணவன் ஒருவன் மாடல் ரயிலைப் பற்றி எழுதினால் எப்படி இருக்கும்? இப்படித்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள் :-)

மாடல் ரயில் வைத்து விளையாடுகிறவர்கள் ('விளையாட்டு' என்று சொன்னால் கோபித்துக்கொள்வார்கள்!) கையில் பழைய பெட்டி ஒன்று கிடைத்தால் என்ன செய்கிறார்கள்? வெள்ளையும் நீலமும் அடித்து வந்தே பாரத் ஆக்கப் பார்க்கிறார்கள். மூக்கு வராது, ஜன்னல் பொருந்தாது. கடைசியில் கிழவருக்கு ஜீன்ஸ் போட்டுவிட்ட மாதிரி நிற்கும். என் கட்சி வேறு. பழைய பெட்டியைச் சோதனை ரயிலாக மாற்றுங்கள். தண்டவாளம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஓடுமே, அந்த ரயில்.

முதல் காரணம், அதில் பொய் இல்லை. நிஜ ரயில்வேயே இதைத்தான் செய்கிறது. பிரிட்டனில் 1970களில் வந்த அதிவேக ரயிலின் பெட்டிகளை 2003-ல் மஞ்சள் அடித்து, உள்ளே கருவிகளை வைத்து, பாதையை அளக்கும் ரயிலாக்கினார்கள். மணிக்கு 200 கி.மீ. வேகத்தில் ஓடிக்கொண்டே அளந்த அதற்கு ஜனங்கள் வைத்த பெயர் 'பறக்கும் வாழைப்பழம்'. நம் ஊரில் பெரம்பூர் ஐ.சி.எஃப். பெட்டிகளுக்கும் ஓய்வுக்குப் பின் வேலை உண்டு. வயதான பெட்டிகளின் ஜன்னலை அடைத்து, கோடியில் பெரிய கதவு வைத்து, கார் ஏற்றும் வண்டியாக்கிவிடுகிறார்கள். ஏட்டில் மதிப்பு தேய்ந்துபோன சொத்து தண்டவாளத்தில் இன்னும் உழைக்கிறது. இதை எங்கள் பாடப்புத்தகம் இவ்வளவு அழகாகச் சொன்னதில்லை.

இரண்டாவது காரணம்தான் எனக்கு முக்கியம். புதுக்கோட்டை மாவட்டத்துக்காரனாகச் சொல்கிறேன். அறந்தாங்கி வழியாகப் போகும் காரைக்குடி - பட்டுக்கோட்டை மீட்டர் கேஜ் பாதையை அகலப்பாதையாக்க 2012-ல் மூடினார்கள். 2019 ஜூனில்தான் திருவாரூர் - காரைக்குடி பயணிகள் ரயில் ஓடத் தொடங்கியது. ஏழு வருடம்! நடுவில் சோதனை ஓட்டம் என்று செய்தி வரும்போதெல்லாம் "இன்னும் எத்தனை சோதனைடா?" என்று அலுத்துக்கொள்ளாதவர் யார்?

அலுப்பு நியாயம்தான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். புதுப் பாதையைப் பார்த்துச் சான்று தரும் ரயில்வே பாதுகாப்பு ஆணையர் ரயில்வே அமைச்சகத்தின் கீழ் வருவதில்லை. விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் வருகிறார். பாதை போட்டவரே பாதைக்குச் சான்று தரக்கூடாது. கணக்கு எழுதியவரே தணிக்கை செய்யக்கூடாது என்கிறோமே, அதேதான். சோதனை ரயில் என்பது ஓடும் தணிக்கை.

பாதை திறந்த பிறகும் கதை முடியவில்லை. கேட் கீப்பர்கள் போதவில்லை என்பதால் ஆட்கள் ரயிலிலேயே வந்து, இறங்கி கேட்டை மூடி, ரயில் கடந்ததும் திறந்துவிட்டு மறுபடி ஏறினார்கள். ரயில் ஊர்ந்தது, எல்லோரும் கிண்டல் செய்தோம். ஆள் போடாதது குறை, அதைக் கேட்கத்தான் வேண்டும். அதற்காக கேட்டை மூடாமல் வேகமாகப் போயிருக்கலாம் என்று யாராவது சொல்வோமா?

கொடியசைக்கும் ரயிலுக்கு மாலை, மேளம், செல்ஃபி. வந்தே பாரத் கூட 2018 டிசம்பரில் கோட்டா பக்கம் 180 கி.மீ. வேகத்தைச் சோதனையில் தொட்ட பிறகுதான் 2019 பிப்ரவரியில் மாலை போட்டுக்கொண்டது. மாலை இல்லாத அந்த ஓட்டத்துக்கு ஒரு மாடலாவது வேண்டாமா?

மூன்றாவது, அது நிஜமாகவே வேலை செய்யும். எச்.ஓ. அளவு என்றால் 87-ல் 1 பங்கு. நம் ஐ.சி.எஃப். பெட்டி அதில் கிட்டத்தட்ட 24.5 செ.மீ. நீளம் வரும். பெட்டியைச் சுற்றி அட்டையில் ஒரு சட்டம் வெட்டி ஒட்டி, உங்கள் பாதையில் மெதுவாகத் தள்ளுங்கள். எந்த வளைவில் பிளாட்பாரம் உரசுகிறது, எந்தக் குகையில் தட்டுகிறது, எந்த இணைப்பில் சக்கரம் துள்ளுகிறது என்று அதுவே காட்டிக்கொடுத்துவிடும்.

செய்முறை சுருக்கமாக. பழைய பெயின்ட்டை எடுக்கத் தின்னர் ஊற்றாதீர்கள், பிளாஸ்டிக் இளகிவிடும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் ஊறவைத்து பழைய டூத் பிரஷ்ஷால் தேயுங்கள். பாதி ஜன்னல்களைப் பிளாஸ்டிக் தகடு வெட்டி அடைத்து, பட்டி பூசி, வாட்டர் பேப்பர் போடுங்கள். மஞ்சளுக்கு மறைக்கும் சக்தி குறைவு, அடியில் இருக்கும் நிறம் எட்டிப் பார்க்கும். அதனால் முதலில் வெள்ளை பிரைமர், மேலே மெல்லிய பூச்சாக மூன்று நான்கு முறை மஞ்சள். டிங்கரிங் பட்டறை அண்ணன்கள் யாரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள்.

"மஞ்சள் டப்பாவை யார் பார்ப்பார்கள்?" என்று ஒரு நண்பன் கேட்டான். ஜப்பானில் புல்லட் ரயில் பாதையைச் சோதிக்கும் மஞ்சள் ரயிலுக்கு 'டாக்டர் யெல்லோ' என்று பெயர். அது எப்போது வரும் என்று அறிவிக்க மாட்டார்கள், அதனால் கண்ணில் பட்டால் அதிர்ஷ்டம் என்று ஒரு நம்பிக்கை. இருந்த இரண்டில் ஒன்று 2025 ஜனவரியில் ஓய்வு பெற்றபோது வழியனுப்பக் கூட்டம் கூடியது. அந்த ஊர்ப் பிள்ளைகள் அதைப் பொம்மையாகக் கேட்டு வாங்குகிறார்கள். சோதனையைக் கொண்டாடவும் ஒரு நாட்டுக்குத் தெரிந்திருக்கிறது.

நமக்கும் தெரியட்டுமே. அடுத்த முறை உங்கள் ஊர்ப் பாதையில் ஆளில்லாத ரயில் ஒன்று போனால் "காலியா போகுது பாரு, வேஸ்ட்டு" என்று சொல்லாதீர்கள். பின்னால் வரப்போகும் கூட்டத்துக்காக அது முன்னால் போகிறது.

உங்கள் வீட்டுப் பரணில் உடைந்த ரயில் பெட்டி ஏதாவது கிடக்கிறதா? என்ன நிறம் அடிக்கப் போகிறீர்கள், சொல்லுங்கள்.